படத்தில் இல்லாத வீட்டுக்காரர்: நியூயார்க் சேரிகளும் ஜேக்கப் ரீஸின் கேமராவும்

1880களின் பிற்பகுதியில் நியூயார்க் சுகாதார ஆய்வாளர்கள் நள்ளிரவில் மல்பெரி தெருப் பக்கம் திடீர்ச் சோதனைக்குப் போவார்கள். நாலு பேர் படுக்கவே நெருக்கமான அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கிடப்பார்கள். தலைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, மறுநாள் சுகாதார வாரியத்தில் அறிக்கை கொடுப்பார்கள். வாரியம் அதைப் படிக்கும், கோப்பில் போடும், அத்தோடு சரி. அந்த ஆய்வாளர்களோடு கூடவே சுற்றிய ஒரு போலீஸ் நிருபர், இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட நெகட்டிவ்களைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்த பிறகுதான் வாரியம் அசைந்தது. படத்தின் முன்னால் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை என்று அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர்தான் ஜேக்கப் ரீஸ்.

பத்திரிகைப் புகைப்பட வகுப்புகளில் ரீஸ் தவறாமல் வருவார். குடியேறிகளின் வறுமையைப் படம் பிடித்தார், நகரம் திடுக்கிட்டது, சேரி ஒழிந்தது என்று கதை சுருக்கமாகச் சொல்லப்படும். இதில் பாதிதான் உண்மை. ரீஸின் படங்கள் சிலவற்றைச் சாதித்தன, சிலவற்றைச் சாதிக்கவில்லை, சிலருக்கு நட்டமும் உண்டாக்கின. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்த நிகழ்விலிருந்து நமக்கு ஏதாவது கிடைக்கும். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீஸின் கேமரா குடியிருந்தவரைக் காட்டியது, வாடகை வாங்கியவரைக் காட்டவில்லை. அந்தப் படங்களால் வந்த நன்மைகளின் எல்லையும் அங்கேதான் இருக்கிறது.

டென்மார்க்கிலிருந்து வந்த தச்சர்

ரீஸ் 1849இல் டென்மார்க்கின் ரீபே என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர், வீட்டில் பிள்ளைகள் ஏராளம். தச்சு வேலை பழகினார். விரும்பிய பெண் மறுத்துவிட்டாள், ஊரிலும் சரியான வேலை இல்லை. 1870இல், 21 வயதில், கப்பலேறி நியூயார்க் வந்து சேர்ந்தார். அடுத்த சில ஆண்டுகள் கிடைத்த வேலையெல்லாம் செய்தார்: இரும்பாலை, செங்கல் சூளை, பண்ணை, வீடு வீடாகப் பொருள் விற்பது. பல நாள் பட்டினி. படுக்க இடமில்லாத இரவுகளில் போலீஸ் நிலையங்களின் அடித்தளத்தில் ஏழைகளுக்கென்று ஒதுக்கியிருந்த அறைகளில் பலகைமேல் படுத்திருக்கிறார்.

அப்படி ஒரு மழை இரவில், சர்ச் தெருக் காவல் நிலையத்தில், கழுத்தில் வைத்திருந்த தங்க லாக்கெட்டை யாரோ திருடிவிட்டார்கள். புகார் சொன்னவரையே வெளியே தள்ளினார்கள். அவருக்குத் துணையாக ஒட்டிக்கொண்டிருந்த தெருநாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தது. ஒரு போலீஸ்காரர் அதன் கால்களைப் பிடித்துப் படிக்கட்டில் அடித்துக் கொன்றார். ரீஸ் இதை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து இதற்கு ஒரு பதிலும் கிடைத்தது, பின்னால் வருகிறேன்.

1877இல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் போலீஸ் நிருபர் வேலை கிடைத்தது. அலுவலகம் மல்பெரி தெருவில், போலீஸ் தலைமையகத்துக்கு நேர் எதிரே. கொலை, தீ, தற்கொலை, காலரா என்று எந்தச் செய்தியும் முதலில் அங்கேதான் வரும். வேலை முடிந்து விடியற்காலையில் அந்தச் சேரி வழியாகவே நடந்து போவார். பத்து வருடம் இப்படி நடந்து நடந்து எழுதினார். எழுத்தில் எவ்வளவு சொன்னாலும் எடுபடவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது.

அந்தக் கட்டடங்கள்

ரீஸ் படம் எடுத்த ஒண்டுக்குடித்தனக் கட்டடங்கள் (ஆங்கிலத்தில் டெனமென்ட்) எப்படி உருவாயின என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். படங்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே வராது.

மன்ஹாட்டனில் மனைகள் 25 அடி அகலம், 100 அடி நீளம் என்று வெட்டப்பட்டிருந்தன. ஒரு குடும்பம் இருக்க அது போதும். 1840களில் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்துக்காரர்களும், பிறகு ஜெர்மானியர்களும் வந்து குவிந்தார்கள். பழைய வீடுகளின் அறைகள் தடுக்கப்பட்டன, கொல்லைப்புறத்தில் இன்னொரு கட்டடம் எழுந்தது. 1880களில் இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் வரத் தொடங்கியபோது அதே மனையில் ஐந்தாறு மாடிகள் நின்றன. 1867இல் வந்த முதல் டெனமென்ட் சட்டம் இருபது பேருக்கு ஒரு கழிப்பறை இருந்தால் போதும் என்றது. அதுவும் கொல்லையில்.

1879இல் இரண்டாவது சட்டம் வந்தது. அதே சமயத்தில் ஒரு தொழில் பத்திரிகை நல்ல டெனமென்ட் வடிவத்துக்குப் போட்டி வைத்தது. ஜேம்ஸ் வேர் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடம் பரிசு வாங்கியது. கட்டடத்தின் நடுப்பகுதி இரு பக்கமும் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும், மேலிருந்து பார்த்தால் டம்பெல் மாதிரி தெரியும். அந்த உள்வாங்கல் இரண்டரை அடிகூட இல்லை. பக்கத்துக் கட்டடத்தின் உள்வாங்கலும் சேர்ந்தால் ஐந்தடிக்கும் குறைவான அகலத்தில், ஐந்தாறு மாடி உயரத்துக்கு ஒரு கிணறு. நடு அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் அதிலிருந்துதான் வர வேண்டும். மேல் மாடி தவிர மற்றவர்களுக்கு இரண்டும் வரவில்லை. குப்பை விழுந்தது, நாற்றம் மேலே வந்தது, தீப் பிடித்தால் அதுவே புகைக்கூண்டாக ஆகி நெருப்பை மாடிக்கு மாடி ஏற்றியது. சட்டப்படி சரியாகக் கட்டிய வீடுகள் இவை. ஒரு மாடிக்கு 4 குடித்தனம், 14 அறை. நடையில் பொதுக் கழிப்பறை.

ரீஸின் கணக்குப்படி 1890இல் நியூயார்க்கில் 37,000 டெனமென்ட்கள் இருந்தன, அவற்றில் 12 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வசித்தார்கள். நகர மக்களில் நாலில் மூன்று பேர். கிழக்குப் பகுதியில் ஒரு சதுர மைலுக்கு 2,90,000 பேர் நெருக்கியடித்திருந்ததாக எழுதினார்.

வாடகை குறைவாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஏழைக் குடும்பத்தால் முழு வாடகையைக் கட்ட முடியாது, அதனால் உள்ளே இன்னும் நாலு பேரைப் படுக்கைக்குச் சேர்த்துக்கொள்ளும். நெரிசல் என்பது வாடகை கட்டும் வழி. அறைக்குள் பன்னிரண்டு பேர் இருப்பதைப் படத்தில் பார்த்து முகம் சுளித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும்?

இருட்டுக்குள் வெளிச்சம்

பகலிலேயே இருண்டு கிடக்கும் அறைகளை அன்றைய கேமராவால் எடுக்க முடியாது. 1887இல் ஒரு காலை நேரம், ஜெர்மனியில் மெக்னீசியத்தோடு பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமனி சல்ஃபைடும் கலந்து கண்ணிமைக்கும் நேரத்தில் எரியும் ஒரு பொடி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்ற நாலு வரிச் செய்தி ரீஸின் கண்ணில் பட்டது. நேரே போய் சுகாதாரத் துறையில் பிறப்பு இறப்புப் புள்ளிவிவரப் பிரிவுத் தலைவராக இருந்த நண்பர் டாக்டர் ஜான் நேகலிடம் சொன்னார். நேகல் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர். ஹென்றி பிஃபார்ட், ரிச்சர்ட் ஹோ லாரன்ஸ் என்ற இன்னும் இரண்டு பொழுதுபோக்குப் படக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். இப்படி ஒரு நிருபர், ஒரு புள்ளிவிவர அதிகாரி, இரண்டு படக்காரர்கள், சில நேரம் ஓரிரு போலீஸ்காரர்கள் சேர்ந்து கிளம்பியது அந்த முதல் அணி. ரீஸைத் தனி மனிதராகப் பார்க்கிறவர்கள் இந்த அணியை மறந்துவிடுகிறார்கள். மிகப் புகழ்பெற்ற 'பேன்டிட்ஸ் ரூஸ்ட்' படமே லாரன்ஸும் பிஃபார்டும் எடுத்ததுதான்.

முதலில் பொடியைத் தோட்டாவில் அடைத்து, கைத்துப்பாக்கி மாதிரியான கருவியில் வைத்துச் சுட்டார்கள். நடுராத்திரியில் முன்பின் தெரியாத ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு வந்து துப்பாக்கியை நீட்டிச் சுட்டால் உள்ளே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அலறிக்கொண்டு ஜன்னல் வழியாகவும் தீ ஏணி வழியாகவும் இறங்கி ஓடினார்கள். அப்புறம் ரீஸ் ஒரு வாணலியை எடுத்துக்கொண்டார். அதில் பொடியைக் கொட்டிப் பற்ற வைப்பார். அது கொஞ்சம் வீட்டுப் பாத்திரம் மாதிரி இருந்ததால் பயம் குறைந்தது என்று எழுதுகிறார். ஆனால் ஆபத்து குறையவில்லை. கண் தெரியாதவர்கள் ஐந்து பேர் இருந்த ஒரு பரண் அறையில் பொடி பற்றி, சுவரில் தொங்கிய காகிதத்திலும் கந்தலிலும் நெருப்பு பிடித்தது. அவர்களுக்கு எதுவும் தெரியாது. கீழே இறங்க வளைந்து நெளிந்த, ஆட்டம் காணும் படிகள். ரீஸ் தானே ஒருவாறு அணைத்தார். இன்னொரு தடவை பொடி முகத்திலேயே வெடித்தது, மூக்குக்கண்ணாடி இருந்ததால் கண் தப்பியது.

நண்பர்களுக்கு இராத்திரி விழிப்பு அலுத்துப்போனது. பிறகு கூலிக்கு வைத்த படக்காரர் ரீஸுக்குத் தெரியாமல் படங்களை விற்கப் பார்த்தார். சரி, நாமே எடுப்போம் என்று 1888இல் 25 டாலருக்கு ஒரு கேமரா வாங்கினார். பழகுவதற்கு அவர் போன இடம் ஹார்ட் தீவில் அநாதைப் பிணங்களை வரிசையாகப் புதைக்கும் பொதுக் குழி. தான் நல்ல படக்காரன் இல்லை என்று கடைசிவரை சொன்னார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது உண்மைதான்: சட்டகம் கோணலாக இருக்கும், ஓரத்தில் யாராவது பாதி வெட்டுப்பட்டு நிற்பார்கள். ஆனால் அந்தக் கோணல்தான் பார்ப்பவரை அறைக்குள்ளேயே நிறுத்துகிறது.

மூன்று படங்கள், நிதானமாக

முதலாவது, பேயர்ட் தெருவில் ஒரு வாடகை அறை, 1889. படுக்க ஒரு ஆளுக்கு ஐந்து சென்ட். 13 அடிக்கும் குறைவான அறை. ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர், சிலர் சுவரோரப் பலகைப் படுக்கையில், மீதிப்பேர் தரையில் என்று எழுதுகிறார் ரீஸ். படத்தில் எல்லாரும் விழவில்லை. தூக்கம் முழுக்கக் கலையாத முகங்கள், வெளிச்சத்தில் கூசும் கண்கள். அவர்களைச் சுற்றி மூட்டை, பெட்டி, பூட்ஸ், சமையல் பாத்திரங்கள். கொஞ்ச நேரம் பார்த்தால் அந்தப் பொருள்கள் பேச ஆரம்பிக்கும். அவை வேலைக்குப் போகிறவர்களின் பூட்ஸ். காலையில் இவர்கள் எழுந்து கூலிக்குப் போவார்கள். சோம்பேறிகள், குடிகாரர்கள் என்று நகரத்தின் மறுபாதி பேசிக்கொண்டிருந்ததற்கு இந்த ஒரு படத்தில் பதில் இருக்கிறது.

அடுத்தது 'பேன்டிட்ஸ் ரூஸ்ட்', மல்பெரி தெரு 59½ஆம் எண் சந்து. கொள்ளையர் கூடு என்று போலீஸார் வைத்த மாதிரியான பெயர். இரு பக்கமும் தொப்பி போட்ட ஆண்கள் நிற்கிறார்கள், முன்னால் ஒருவர் கையில் தடி. ஜன்னலிலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். பின்னால் கொடி கொடியாகத் துவைத்த துணி. தலைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால், பகல் நேரத்தில் வெளியாட்கள் கேமராவோடு வந்ததைப் பார்க்கத் தெருக்காரர்கள் கூடி நிற்கிற படம் இது. தலைப்போடு பார்த்தால் ஒவ்வொருவரும் குற்றவாளி. அத்தனை வெள்ளைத் துணியைத் துவைத்துக் காயப்போட்ட கைகளைப் பற்றித் தலைப்பு எதுவும் சொல்வதில்லை.

மூன்றாவதாக நான் எடுத்துக்கொள்வது, போஹீமியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டுப் பகுதி) வந்த குடும்பம் ஒன்று தன் அறையிலேயே சுருட்டுச் சுற்றும் படம். அப்பா, அம்மா, குழந்தைகள், மேசை முழுக்கப் புகையிலை. அந்தக் கட்டடங்கள் பலவற்றில் வீட்டுக்காரரே முதலாளி. கூலியைக் கையால் கொடுத்து வாடகையாகத் திரும்ப வாங்கிக்கொள்வார். குடியிருப்பு அறைகளில் சுருட்டுச் சுற்றுவதைத் தடுக்க 1884இல் நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1885இல் அதை ரத்து செய்தது. தன் வீட்டில் தன் தொழிலைச் செய்யும் தொழிலாளியின் சுதந்திரத்தில் அரசு கைவைக்கக் கூடாதாம். இந்த வாடகை, கூலி, வழக்கு எல்லாம் ரீஸுக்கு நன்றாகத் தெரியும், எழுத்தில் சொல்லியும் இருக்கிறார். ஆனால் படத்துக்குள் இருப்பது புகையிலையும் களைத்த முகங்களும்தான்.

திரையில் ஓடிய சேரி

படம் எடுத்தாயிற்று, எங்கே காட்டுவது? 1888 பிப்ரவரி 12ஆம் தேதி 'தி சன்' பத்திரிகை அவர்களுடைய பயணத்தைப் பெரிய செய்தியாக வெளியிட்டது. ஆனால் அதில் வந்தவை புகைப்படங்கள் அல்ல, அவற்றைப் பார்த்து வரைந்த கோட்டோவியங்கள். புகைப்படத்தை அப்படியே அச்சில் ஏற்றும் ஹாஃப்டோன் முறை நாளிதழ்களுக்கு இன்னும் வந்துசேரவில்லை.

ரீஸ் கண்ணாடி ஸ்லைடுகளுக்குப் போனார். இளமையில் புரூக்ளினில் தெருவோரத்தில் மாய விளக்கு (ஸ்லைடைத் திரையில் பெரிதாகக் காட்டும் கருவி) வைத்து விளம்பரம் காட்டிப் பிழைத்த அனுபவம் அவருக்கு உண்டு. 1888 ஜனவரி 25 அன்று நியூயார்க் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர் சங்கத்தில் நூறு படங்களோடு முதல் பேச்சு. தான் டீக்கனாக இருந்த தேவாலயமே இடம் தர மறுத்தது, அந்தப் பொறுப்பையே உதறிவிட்டார். பிறகு வேறு தேவாலயங்கள் கதவைத் திறந்தன. இருட்டு மண்டபம், ஆளுயரத்துக்கும் பெரிய முகங்கள், பக்கத்தில் நின்று விடாமல் பேசும் ஒரு நிருபர். அச்சில் மங்கலாக வந்த எதையும்விட இது ஆழமாக இறங்கியது. அந்தப் பேச்சுகளில் ஒன்றைக் கேட்ட ஒரு பத்திரிகையாசிரியர் வழியாக 1889 டிசம்பரில் ஸ்கிரிப்னர்ஸ் இதழில் கட்டுரை வந்தது. 1890இல் அது 'ஹௌ தி அதர் ஹாஃப் லிவ்ஸ்' (மறுபாதி எப்படி வாழ்கிறது) என்ற நூலானது. ஓரளவு ஹாஃப்டோன் படங்களும் மீதி ஓவியங்களுமாக வந்த அந்த நூல் விற்றுத் தீர்ந்து பல பதிப்புகள் கண்டது.

என்ன மாறியது

நூலைப் படித்துவிட்டுப் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட். ரீஸ் அப்போது அங்கே இல்லை. படித்தேன், உதவ வந்தேன் என்ற பொருளில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். 1895இல் ரூஸ்வெல்ட் போலீஸ் ஆணையர் வாரியத் தலைவரானார். ரீஸ் அவரை இராத்திரியில் ஊர் சுற்றிக் காட்டினார். தான் படுத்த சர்ச் தெரு நிலையத்துக்கும் கூட்டிப்போனார், நாய் கதையையும் சொன்னார். 1896 பிப்ரவரியில் போலீஸ் நிலையப் படுக்கை அறைகள் எல்லாமே மூடப்பட்டன.

1891இல் இன்னொரு வேலை செய்தார், இது அதிகம் பேசப்படுவதில்லை. நகரத்துக்குக் குடிநீர் தரும் க்ரோட்டன் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்கக் கேமராவோடு நடந்தார். எந்தெந்த ஊரின் சாக்கடை எந்த ஓடையில் விழுகிறது என்று படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டார். நகர நிர்வாகம் கரையோர நிலங்களை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. ரீஸின் பணிகளிலேயே பலன் மிகச் சுத்தமாகக் கிடைத்தது இதில்தான் என்று நினைக்கிறேன். காரணமும் எளிது. இங்கே படத்தில் இருந்தது சாக்கடைக் குழாய். குற்றம் எங்கே இருக்கிறதோ அங்கே கேமரா நின்றது.

மல்பெரி தெரு வளைந்து போகும் இடத்திலிருந்த சேரியான மல்பெரி பெண்டின் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. அந்த வளைவை இடித்துப் பூங்கா ஆக்கச் சட்டம் வழிசெய்தது 1887இல். பூங்கா திறந்தது 1897இல். நடுவே பத்து வருடம். கட்டடங்களை வாங்கிய பிறகும் நகர நிர்வாகம் அவற்றை இடிக்காமல் தானே வாடகை வாங்கிக்கொண்டிருந்தது. இடித்த பிறகு அடித்தளக் குழிகள் அப்படியே கிடந்தன. அங்கே விளையாடிய குழந்தைகள் ஒரு பார வண்டி சரிந்து உயிரிழந்தார்கள். ரீஸ் மறுபடி சுகாதார வாரியத்தில் புகார் கொடுத்த பிறகே வேலை நகர்ந்தது. இன்று கொலம்பஸ் பூங்கா என்ற பெயரில் அது இருக்கிறது. அந்த வளைவில் வாழ்ந்த குடும்பங்களுக்கு மாற்று வீடு தரும் திட்டம் எதுவும் இல்லை. அவர்கள் பக்கத்துத் தெருக்களின் டெனமென்ட்களில் போய் நெருக்கிக்கொண்டார்கள். ரீஸ் இதைப் பெரிய கேள்வியாகவே எடுக்கவில்லை. அவருடைய வெற்றிப் பட்டியலில் எனக்கு மிகவும் நெருடுகிற இடம் இது.

யாரைக் கேட்டு எடுத்தார்

அந்த நூலின் எழுத்தை இன்று படிப்பது கடினம். தானே குடியேறியாக வந்தவர், மற்றக் குடியேறிகளை இனவாரியாகத் தரம்பிரித்து எழுதினார். இத்தாலியன் இப்படி, யூதன் பணத்தாசை பிடித்தவன் என்று ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு முத்திரை. சீனர்களைப் பற்றிய அத்தியாயம் அப்பட்டமான வெறுப்பு. அதே கை, கறுப்பினத்தவரிடம் அதே வீட்டுக்கு வீட்டுக்காரர்கள் கூடுதல் வாடகை பிடுங்குவதையும் சாட்சியோடு அம்பலப்படுத்தியது. இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதினார், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கத் தேவையில்லை.

அனுமதி என்ற விஷயத்துக்கு வருவோம். பேயர்ட் தெரு அறையில் தூங்கியவர்களை யாரும் கேட்கவில்லை. தெருவில் படுத்துறங்கும் சிறுவர்கள் படத்தில் பையன்கள் கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்தார்கள் என்பது இன்று பார்த்தாலே தெரிகிறது. துறைமுகப் பக்கம் திரிந்த இளைஞர் கும்பல் ஒன்று, சிகரெட் கிடைத்ததும், குடித்து மயங்கிக் கிடப்பவனிடம் எப்படித் திருடுவது என்று உற்சாகமாக நடித்தே காட்டியது.

மல்பெரி தெரு முற்றம் ஒன்றில் ஏணிமேல் உட்கார்ந்து புகைக்குழாயில் புகைத்துக்கொண்டிருந்த ஒரு நாடோடியின் கதை இதில் தனி. அப்படியே இரு, பத்து சென்ட் தருகிறேன் என்றார் ரீஸ். அவர் ஒப்புக்கொண்டார். ரீஸ் கேமராவைத் தயார் செய்வதற்குள் வாயிலிருந்த புகைக்குழாயை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பேசிய தொகையில் புகைக்குழாய் சேராது, அதற்கு இன்னும் 25 சென்ட் என்றார். ரீஸ் கொடுத்தார். ரீஸ் இதைச் சோம்பேறியின் தந்திரம் என்ற தொனியில் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் உருவத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் பேசித்தான் கொடுக்க வேண்டும் என்று அத்தனை படங்களிலும் தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் அவர்.

ஒரு பள்ளியில் சந்தித்த சிறுமியின் படமும் உண்டு. அம்மா இறந்துவிட்டார், அக்கா அண்ணன்மார் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், வீட்டைக் கூட்டிப் பெருக்கித் துடைத்துக் கவனிப்பது அவள்தான். நீ என்ன வேலை செய்கிறாய் என்று ரீஸ் கேட்டார். தேய்க்கிறேன் என்றாள். செங்கல் சுவரோரம் நிற்கவைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்தார். அவள் கேமராவை நேராகப் பார்க்கிறாள். ஒருவரைக் கேட்டு எடுத்த படத்துக்கும் கேட்காமல் எடுத்ததற்கும் இருக்கும் தூரத்தை அளக்க, இதைப் பேயர்ட் தெருப் படத்தின் பக்கத்தில் வைத்தால் போதும். 1904 முதல் எல்லிஸ் தீவில் குடியேறிகளைப் படம் எடுத்த லூயிஸ் ஹைன் இந்தப் பாதையில்தான் போனார். ஆளை நிறுத்தி, பேசி, முடிந்தவரை பெயரும் வயதும் வேலையும் குறித்துக்கொண்டு.

அட்டையில் செய்த ஒரு தெரு

வீட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு மாடிக்கும் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று 1887 சட்டம் சொன்னது. நகரத்தின் பெரிய நில உடைமையாளர்களில் ஒன்றான டிரினிட்டி தேவாலயம் அதை எதிர்த்து வழக்காடியது. 1895இல்தான் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மாடிக்கு ஒரு குழாய் வருவதற்கே எட்டு வருட வழக்கு.

1900இல் லாரன்ஸ் வெய்லர் என்ற சீர்திருத்தக்காரர் டெனமென்ட் கண்காட்சி ஒன்றை நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள், வரைபடங்கள், நோய், வறுமை விவரங்களைப் புள்ளி வைத்துக் காட்டிய நிலப்படங்கள். நடுவில் ஒரு அட்டை மாதிரி. க்ரிஸ்டி, ஃபார்சைத், கனால், பேயர்ட் ஆகிய நான்கு தெருக்களுக்கு நடுவே இருந்த ஒரே ஒரு தொகுதியை அளவெடுத்துச் செய்திருந்தார். பக்கத்தில் எண்கள்: 39 டெனமென்ட், 605 குடித்தனம், 2,781 பேர், 264 கழிப்பறை, வெந்நீர் வரும் வீடு 40, குளியலறை ஒன்றுகூட இல்லை.

அதில் மனிதர் யாரும் இல்லை, மனையும் கட்டடமும் காற்றில்லாக் கிணறும் மட்டும்தான். பார்த்தவர்களுக்கு இரக்கப்படவோ அருவருப்படையவோ ஒரு முகமும் கிடையாது, இப்படிக் கட்ட யார் அனுமதித்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும். அப்போது மாநில ஆளுநராக இருந்த ரூஸ்வெல்ட் ஆதரவு கொடுக்க, விசாரணைக் குழு அமைந்து, 1901இல் புதிய டெனமென்ட் சட்டம் வந்தது. டம்பெல் வடிவம் தடைசெய்யப்பட்டது. ஒவ்வொரு அறைக்கும் வெளியே திறக்கும் ஜன்னல், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கழிப்பறை, ஒழுங்கான தீ ஏணி, இவற்றைக் கண்காணிக்கத் தனித் துறை.

வெய்லரின் கண்காட்சிக்குக் கூட்டம் வந்ததற்கு ரீஸ் பன்னிரண்டு வருடம் ஊர் ஊராகப் போய்ப் பேசியதும் ஒரு காரணம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சட்டத்தில் நின்ற வாசகங்கள் ஒவ்வொன்றும் கட்டடத்தைப் பற்றியவை. பழைய கட்டடங்களின் கொல்லைக் கழிப்பறைகளை அகற்றச் சொன்ன பிரிவை ஒரு வீட்டுச் சொந்தக்காரர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1906இல் அவர் தோற்ற பிறகே அந்தச் சட்டத்துக்கு உறுதியான காலூன்றல் கிடைத்தது.

நெகட்டிவ்கள்

ரீஸ் 1914இல் இறந்தார். எழுத்தாளர், சீர்திருத்தவாதி என்றுதான் அஞ்சலி செலுத்தினார்கள். படக்காரர் என்று யாரும் நினைக்கவில்லை, அவரும் படம் எடுக்கத் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்குள் கேமராவைப் பெரும்பாலும் ஓரம் வைத்துவிட்டிருந்தார். 1940களில் அலெக்சாண்டர் ஆலண்ட் என்ற புகைப்படக்காரர், அவரும் குடியேறிதான், நூலில் பார்த்த மங்கலான படங்களின் மூலத்தைத் தேட ஆரம்பித்தார். ரீஸின் மகனை விடாமல் கேட்டார். குயீன்ஸில் ரீஸ் குடியிருந்த வீட்டுப் பரணிலிருந்து 412 கண்ணாடி நெகட்டிவ்கள் கிடைத்தன. அவை நியூயார்க் நகர அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1947இல் ஆலண்ட் போட்டுத்தந்த பெரிய பிரதிகளோடு கண்காட்சி நடந்தது. இன்று நாம் ரீஸின் படங்கள் என்று பார்ப்பவை பெரும்பாலும் அந்தத் தெளிவில் வந்தவை. 1890இல் நூலை வாங்கியவர் யாரும் அவற்றை இப்படிப் பார்த்ததில்லை. ரீஸின் படங்கள் அன்றைய வாசகரை என்ன செய்தன என்று எழுதுபவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அவர்கள் பார்த்தது திரையில் பெரிதாகவும் பேச்சோடும், அல்லது தாளில் சின்னதாகவும் கோட்டோவியமாகவும்.

வீட்டுப் பிரச்சினைக்கு ரீஸ் நம்பிய தீர்வு, ஐந்து சதவீத லாபத்தோடு திருப்திப்படும் நல்ல முதலாளிகள். புரூக்ளினில் ஆல்ஃப்ரெட் வைட் கட்டிய மாதிரிக் குடியிருப்புகளை வாயாரப் புகழ்ந்தார். அப்படிப்பட்ட முதலாளிகள் போதிய அளவில் வரவில்லை. 1901 சட்டப்படி எழுந்த புது வீடுகளில் வாடகை கூடுதல், அதனால் மிக ஏழைகள் பழைய டம்பெல் கட்டடங்களிலேயே தங்கினார்கள். நகர நிர்வாகமே வீடு கட்டி வாடகைக்கு விடும் முதல் திட்டம், 122 வீடுகளோடு, 1935 டிசம்பரில் அதே கீழ்க்கிழக்குப் பகுதியில் திறக்கப்பட்டது. பழைய டெனமென்ட் வரிசையில் மூன்றில் ஒன்றை இடித்துவிட்டு, மீதி இரண்டுக்கும் காற்றும் வெளிச்சமும் விடுவதுதான் முதலில் போட்ட திட்டம். வேலையை ஆரம்பித்த பிறகு சுவர்களின் நிலைமையைப் பார்த்து, பெரும்பாலானவற்றைப் புதிதாகவே கட்ட வேண்டியதாயிற்று.